பாறை சாயும் பக்கம்

அந்தக் கடிதத்தை வேறு யாராவது எழுதியிருந்தால் அக்கா அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று கிழி கிழியென்று கிழித்திருப்பாள். எழுதியது சொந்தத் தம்பியின் மனைவி. வேறு வழி தெரியாமல் பேச்சையே நிறுத்திவிட்டாள். பேச்சை நிறுத்துவது அக்காவுக்கு எத்தனை பெரிய தண்டனை என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷம் டெலிபோன் ஆபீசில் உட்கார்ந்து, பேசியே சம்பளம் வாங்கியவள். இன்றோடு பதினோரு நாள்.

கடிதம் நகராட்சிக்குப் போனது. ஒரு பக்கம்தான். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மலையை வெட்டிய இடத்தில் பாறை அடுக்குகள் தெருவைப் பார்த்துச் சாய்ந்திருக்கின்றன, இந்த மழையில் அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் இறங்கினால் மொத்தமும் வழுக்கிக்கொண்டு வரும், தடுப்புச் சுவரில் விரிசல் விழுந்திருப்பதும் நடுவில் வயிறு தள்ளியிருப்பதும் அதற்கு அறிகுறி, ஒன்பது வீட்டையும் காலி செய்வது நல்லது. கீழே கையெழுத்து, அறிவியல் ஆசிரியை. அந்த ஒன்பதில் நான்காவது வீடு ஆசிரியையின் சொந்த வீடு. ஆறாவது அக்காவுடையது.

நகராட்சியில் வழக்கமாக எந்தக் கடிதத்தையும் அலமாரியில் போட்டு ஆற வைப்பார்கள். இதை ஆற வைக்கவில்லை. சொந்த வீட்டையே காலி செய்யச் சொல்லி ஒருத்தி எழுதுகிறாள் என்றால் அதில் விஷயம் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். நாளை, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு உத்தரவில் கையெழுத்து விழும். அதிலிருந்து ஒரு வாரத்தில் காலி செய்ய வேண்டும். அதற்கடுத்த வாரம் இடிக்கிற வண்டி வரும்.

தெருவில் அவளுக்குக் கல் டீச்சர் என்று பெயர். படித்தது நிலவியல். இரண்டு வருஷம் சுரங்க அளவை ஆபீசில் சுத்தியலும் கையுமாகக் காடுமேடெல்லாம் நடந்தாள். அந்த ஆபீசை மூடினார்கள். ஒரு வருஷத்துக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தவள், முப்பத்தோரு வருஷமாக அந்த ஒரு வருஷத்தை முடித்துக்கொண்டிருக்கிறாள். இன்னும் இரண்டு மாதத்தில் ஓய்வு.

பாறையைப் பிள்ளைகளிடம் கொண்டுபோகலாம், மலையைக் கொண்டுபோக முடியாது என்பதுதான் வேலைக்கு வந்த நாள் முதல் அவளுடைய குறை. அதற்காகவே பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஸ்லைடு ப்ரொஜெக்டர் வாங்க வைத்தாள். பல்பு சூடாகி வகுப்பறை முழுக்க ரப்பர் கருகும் வாசனை வரும். பிள்ளைகள் அந்த வாசனைக்காகவே சயன்ஸ் பீரியடை எதிர்பார்ப்பார்கள். பிறகு கண்ணாடித்தாளில் எழுதிக் காட்டுகிற மெஷின் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது, இப்போது ஸ்மார்ட் போர்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு புது மெஷின் வரும்போதும் மற்ற ஆசிரியர்கள் அதற்குத் துணி போட்டு மூடி வைப்பார்கள். டீச்சர் மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பாள்.

ஸ்லைடு என்பது தீப்பெட்டி அகலத்தில் ஒரு சட்டம், நடுவில் துண்டு ஃபிலிம். அதை ப்ரொஜெக்டரில் சரியான பக்கமாகச் சொருக வேண்டும். முன்பக்கம் பின்பக்கம் மாறிவிட்டால் சுவரில் இடது வலதாகிவிடும். அதனால் படம் கழுவி வந்ததுமே பார்த்து, மூலையில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துவிடுவாள். அவள் விரலில் ஒரு நாளும் நகப்பூச்சு பட்டதில்லை. ஆனால் மேஜை டிராயரில் எப்போதும் ஒரு புட்டி இருக்கும். புதிதாக வந்த ஆசிரியைகள் அதைப் பார்த்துவிட்டு டீச்சரைப் பற்றி வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள்.

பாறையைப் படம் எடுக்கும்போது அளவு தெரிய ஏதாவது ஒரு பொருளைப் பக்கத்தில் வைக்க வேண்டும். சுத்தியல் வைப்பார்கள், பேனா வைப்பார்கள். டீச்சர் புருஷனை வைத்தாள். தையல்காரர், ஒல்லியான மனிதர், ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. எந்த மலைச்சரிவில் நிற்கச் சொன்னாலும் இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்பார். முப்பது வருஷத்துப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியும். 'பாறையின் உயரம் நாலு மாமா' என்று பரீட்சையில் ஒருவன் எழுதினான். டீச்சர் அதற்கு அரை மார்க் போட்டாள்.

இந்த மழை தொடங்கி மூன்றாவது வாரம் சுவரில் விரிசல் தெரிந்தது. டீச்சருக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சுவருக்குப் பின்னால் பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி. அடுக்கி வைத்த புத்தகங்களை ஒரு பக்கமாகத் தூக்கினால் தாழ்ந்த பக்கம்தானே வழுக்கும். பாறையும் அப்படித்தான். மலைக்குள் சாய்ந்திருந்தால் பயமில்லை, தெருப்பக்கம் சாய்ந்திருந்தால் பயம். ஆனால் சுவர் கட்டி இருபத்தேழு வருஷமாகிறது. பாறையைப் பார்க்க வழியில்லை.

அப்போதுதான் அந்தப் படம் ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில், சுவர் கட்டுவதற்கு முன்னால், வெட்டிய பாறை அப்படியே வெளியே தெரிந்த சமயத்தில் அவர்கள் இருவரும் மனை பார்க்க வந்தபோது எடுத்தது. வெட்டின் ஒரு முனையில் நின்று நீளவாக்கில் பார்த்து எடுத்த படம். படத்தில் பாறையும் தையல்காரரும் மட்டும்தான்; மலையும் இல்லை, தெருவும் இல்லை. பழக்கதோஷத்தில் நோட்டில் ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். 'இடது கை மலை, வலது கை தெரு. அளவுக்கு: அவர்.' சாய்வை அளந்து எழுதவில்லை. சாய்வுமானியைப் பழைய ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். சொந்தமாக ஒன்று வாங்கியது அதற்கு ஆறு வருஷம் கழித்து.

மகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டாள். அவள் அறையில் ஸ்கேனர் இருந்தது. ஸ்லைடை அதில் வைத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தாள். அடுக்குகள் இடமிருந்து வலமாக இறங்கின. வலது கை தெரு. டீச்சர் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெகுநேரம் மகளுடைய கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு கடிதம் எழுதினாள்.

வியாழக்கிழமை காலை வீட்டில் பாதிச் சாமான் பெட்டியில் இருந்தது. தேநீர் குடிக்கத் தட்டு கிடைத்தது, டம்ளர் கிடைக்கவில்லை. தையல்காரர் அளவு ஜாடியில் தேநீரை ஊற்றிக்கொண்டு, முன்னறையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்த முன்னறைதான் அவருடைய கடை. மடியில் கருநீலத் துணி மலையாகக் கிடந்தது.

"ஏங்க, ஒரு மெஷினையாவது இன்னைக்கு அனுப்பிடலாமே. கடைசி நேரத்துல எல்லாத்தையும் தூக்க முடியாது."

"மெஷினை அனுப்பிட்டு வாயாலயா தைக்கறது? உன் ஸ்கூல் திரைதான் இது. வெயில் பட்டா போர்டுல ஒண்ணும் தெரியலன்னு நீதான் சொன்ன."

"வெயிலே இல்லியே இப்ப."

"மழை நிக்காமலா போகும்."

டீச்சர் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். கூரையில் தூறல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வாரமாக அந்தச் சத்தம் வந்தாலே அவள் கண் பின்பக்கச் சுவருக்குப் போய்விடும்.

"என் மேல கோபம் இருக்கா?" என்று கேட்டாள்.

"கோபம் இல்ல. கடுதாசி எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க?"

"வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

அவர் ஊசியில் நூலைக் கோக்கப் பார்த்தார். ஒரே தடவையில் கோத்துவிடுகிறவர், மூன்று தடவை தவறவிட்டார்.

"அக்காதான் பாவம்," என்றார். "போன் டைரக்டரியெல்லாம் கட்டி வச்சிருக்கா. அதை எதுக்கு எடுத்துட்டுப் போறேன்னு கேட்டேன். உன் பொண்டாட்டி கல்லை எடுத்துட்டுப் போவா இல்ல, நான் இதை எடுத்துட்டுப் போறேன்னா."

"என்னைப் பத்திப் பேசறாங்களே, பரவாயில்ல."

"உன்னைப் பத்தித்தான் பேசறா. உன்கூடத்தான் பேசறதில்ல."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் அழுகை வந்தது. அந்த வீட்டை அவர்கள் ஒரேயடியாகக் கட்டவில்லை. ஒரு வருஷம் ஒரு அறை, மூன்று வருஷம் கழித்து இன்னொரு அறை, மகள் பெரியவளானதும் மாடி. சமையலறைச் சன்னலுக்கடியில் பதித்திருந்த பச்சைக் கல் அவள் ஒரு மலையிலிருந்து மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தது. தான் எழுதியது சரி என்றால் வீடு போகும். தப்பு என்றால் மானம் போகும். சரியாகவே இருந்துவிட்டுப் போகட்டும், யாரும் சாகாமல் இருந்தால் போதும் என்றுதான் பதினோரு நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு நகராட்சி இன்ஜினியர் பள்ளிக்கூடத்துக்கு வந்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படத்தைப் பெரிதாக ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். ஆபீசில் எல்லோருக்கும் அவன் இன்ஜினியர் சார். டீச்சருக்கு அவன் கடைசி பெஞ்சில் தூங்கியவன். ப்ரொஜெக்டருக்காக அறையை இருட்டாக்கியதும் முதல் ஆளாகத் தூங்குவான். வாங்க என்பதா வா என்பதா என்று டீச்சருக்குப் பிடிபடவில்லை.

"வாங்க தம்பி. உக்காரு."

அவன் முன் பெஞ்சில் உட்கார்ந்தான். அதில் அவன் உட்காருவது முதல் தடவை. ஸ்மார்ட் போர்டு சுவரை அடைத்துக்கொண்டு இருந்தது. அறையின் ஓரத்தில் தையல்காரர் ஏணியில் நின்று திரையை வளையங்களில் மாட்டிக்கொண்டிருந்தார். வாயில் நாலு குண்டூசி.

டீச்சர் படத்தைப் போட்டாள். பாறை அறைக்குள் வந்து நின்றது. மஞ்சளும் சாம்பலுமாக அடுக்கடுக்காக, இடது மூலையிலிருந்து வலது மூலைக்கு இறங்கி வந்தது. நடுவில் முப்பது வயதுத் தையல்காரர், கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கே, தலைமுடியெல்லாம் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"மஞ்சளா இருக்கறது மணற்பாறை," என்றாள் டீச்சர். "நடுவுல சாம்பல் நிறத்துல மெலிசா இருக்கு பாரு, அது களிப்பாறை. தண்ணி பட்டா சோப்பு மாதிரி ஆயிடும். அது மேல உக்காந்திருக்கறது எல்லாம் சாயற பக்கமா வழுக்கும். இந்தப் பக்கம் தெரு."

இன்ஜினியர் போர்டையே பார்த்தான். தூங்கவில்லை.

"எனக்கு வேற வழி இல்ல டீச்சர். நாளைக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா என் தலைலதான் விடியும். உங்க வீடும் போகுதேன்னுதான் கஷ்டமா இருக்கு."

"என் வீட்டை விடு. மத்த எட்டு வீட்டுலயும் ஆளுங்க இருக்காங்க. அவங்களுக்கு ஒரு இடம் பாத்துக் குடுங்க. அதுதான் நான் கேக்கறது."

ஏணியிலிருந்து தையல்காரர் குண்டூசிகளைக் கையில் எடுத்தார்.

"அந்தச் சட்டை நான் தைச்சது," என்றார்.

"ஆமா. நீங்கதானே நிக்கறீங்க," என்றாள் டீச்சர், திரும்பிப் பார்க்காமல்.

"கல்யாணத்துக்கு அப்புறம் எனக்குன்னு தைச்சுக்கிட்ட மொதச் சட்டை."

"சரிங்க. தம்பிக்கு நேரமாகுது."

"பாக்கெட் என் வலது மார்புல இருக்கு."

அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். போர்டுக்குப் பக்கத்தில் போய், தன்னுடைய பழைய நெஞ்சில் விரலை வைத்தார்.

"நான் வலது பக்கம் பாக்கெட் வச்சுத் தைச்சதே கிடையாது. எவன் கேட்டாலும் தைக்க மாட்டேன். பித்தான் பட்டியைப் பாரு. ஆம்பளச் சட்டைன்னா காஜா போட்ட பட்டி இடது பக்கத்துலேருந்து மேல வந்து மூடும். இதுல வலது பக்கத்துலேருந்து வருது. இது பொம்பளச் சட்டை மாதிரி இருக்கு. நான் இப்படித் தைப்பேனா?"

அவர் குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. தொழிலைக் குறை சொன்னால் வருகிற கோபம்.

"சின்னதுல தெரியல," என்றார் பிறகு. "உன் போன்ல காட்டினப்ப நகத்தளவுக்கு இருந்தேன். இப்பதான் தெரியுது."

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தாள். போர்டின் ஓரத்தில் படத்தை இடம் வலமாகத் திருப்பும் பொத்தான் ஒன்று உண்டு. அதை மற்ற ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான். அதை அழுத்தினாள். பாக்கெட் அவருடைய இடது மார்புக்கு வந்தது. பாறையும் கூடவே திரும்பியது. வலமிருந்து இடமாக இறங்கி, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மலைக்குள்ளே சாய்ந்தது.

இன்ஜினியர் பெஞ்சிலிருந்து எழுந்தான்.

"டீச்சர்," என்றான் இன்ஜினியர் மெதுவாக, "அப்படின்னா..."

"இரு."

அவள் கைப்பையைத் திறந்தாள். உள்பக்கத்தில் ஜிப் வைத்த சிறிய அறை. அதிலிருந்து ஒரு ஸ்லைடை எடுத்துக்கொண்டு சன்னலுக்குப் போனாள். ஃபிலிமில் ஒரு பக்கம் பளபளக்கும், ஒரு பக்கம் மங்கலாக இருக்கும். பளபளக்கிற பக்கத்திலிருந்து பார்த்தால்தான் உள்ளது உள்ளபடி தெரியும். அறுநூறு ஸ்லைடுகளுக்கு அப்படிப் பார்த்துத்தான் புள்ளி வைத்தாள். திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிறகு இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். அவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

"பாக்கெட் மாமாவோட இடது பக்கம்தான் இருக்கு டீச்சர்."

தையல்காரரும் வாங்கிப் பார்த்தார். அவர் பாக்கெட்டைப் பார்க்கவில்லை. சட்டத்தின் நாலு மூலையையும் பார்த்தார்.

"இதுல மட்டும் ஏன் புள்ளி இல்ல?"

"அது பெட்டில இல்ல."

"பின்ன எங்க இருந்தது?"

"கைப்பையில."

"எப்பலேருந்து?"

"எடுத்ததுலேருந்து," என்றாள் டீச்சர். "பெட்டில இருக்கறதெல்லாம் பாடத்துக்கு எடுத்தது. இது பாடத்துக்கு எடுத்ததில்ல. நீங்க சிரிச்ச படம் இது ஒண்ணுதான்."

இன்ஜினியர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றான். தையல்காரர் ஸ்லைடைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவசர வேலை இருப்பவர் போல ஏணியில் ஏறினார். மூன்று வளையங்களை வரிசை மாற்றி மாட்டினார்.

"அப்ப நாளைக்குக் கையெழுத்து வேண்டாம் இல்ல டீச்சர்?"

"படத்தை நம்பி ஒரு தடவை எழுதியாச்சு," என்றாள் அவள். "கல்லைப் பாக்காம எழுதாதேன்னு முப்பத்தோரு வருஷம் பிள்ளைங்களுக்குச் சொன்னேன். நானே பாக்கல. இனிமே கல்லைத் தொட்டுப் பாக்காம ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா எங்க பாக்கறது? தெரு நீளத்துக்கும் சுவர்தான்."

"அக்கா வீட்டுப் பின்னால சுவர் கிடையாதே," என்றார் தையல்காரர் மேலேயிருந்து. "ஷெட்டுக்குப் பின்னால. கல்லு பத்தலன்னு கொத்தனார் ஒரு பாகத்தை அப்படியே விட்டுட்டுப் போனான். அக்கா தகரம் வச்சு மறைச்சிட்டா."

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலியே. படத்துல இருக்குன்ன. படத்துல இருக்கறதுக்கு மேல நான் என்ன சொல்றது."

அக்கா வீட்டு முன்னறையில், கட்டி வைத்த டைரக்டரிகளின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு கறுப்பு டெலிபோன். அதற்கு இணைப்பு போய்ப் பல வருஷமாயிற்று. மூன்று பேர் நனைந்த காலோடு உள்ளே வந்ததை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, அவங்க எதுக்கு வந்திருக்காங்கன்னு கேளு," என்றாள்.

"ஷெட்டுக்குப் பின்னால பாறையைப் பாக்கணுமாம் அக்கா."

"பதினோரு நாளைக்கு முன்னாடி பாக்க வேண்டியதுதானேன்னு கேளு."

"தப்புதான் அண்ணி," என்றாள் டீச்சர்.

"தப்புதானாம்," என்றார் தையல்காரர்.

"எனக்குக் காது கேக்குது." அக்கா டெலிபோனைக் கீழே வைத்தாள். "என்ன தப்பாம்?"

டீச்சரே சொன்னாள். படத்தைத் திருப்பி வைத்ததை, சட்டையை, பாக்கெட்டை. எதையும் பூசி மெழுகவில்லை. அக்கா முழுசும் கேட்டாள். பதினோரு நாள் அடக்கி வைத்தது வாயில் வந்து முட்டுவது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவள் எழுந்து சாவியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் நடந்தாள். நடந்துகொண்டே, "பொண்டாட்டி தப்பைச் சட்டைப் பாக்கெட்டுல கண்டுபிடிச்சியாக்கும்," என்று தம்பியிடம் மட்டும் சொன்னாள்.

ஷெட்டைக் காலி செய்ய ஒரு மணி நேரம் ஆனது. கால் ஒடிந்த நாற்காலிகள், துருப்பிடித்த சைக்கிள், இன்னும் டைரக்டரிகள். இன்ஜினியர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தூக்கினான். கடைசியில் தகரத்தை விலக்கியதும் இரண்டு கை அகலத்துக்குப் பாறை தெரிந்தது. பாசி பிடித்திருந்தது. டீச்சர் துணியால் அழுத்தித் துடைத்தாள். மஞ்சள் வந்தது, சாம்பல் வந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு அடுக்கு கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு, சிறிய அலமாரித் தட்டுபோல இருந்தது. அதன் மேல் நோட்டை வைத்து, நோட்டின் மேல் சாய்வுமானியை வைத்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"இருபத்திரண்டு டிகிரி," என்றாள். "உள்பக்கம்."

"உள்பக்கம்னா?" என்றாள் அக்கா. தம்பியைக் கேட்காமல் நேராகவே கேட்டுவிட்டாள்.

"மலைப்பக்கம் அண்ணி. ஒரு சொம்பு தண்ணி தாங்க."

அக்கா கொண்டுவந்தாள். டீச்சர் தண்ணீரை அந்தத் தட்டின் விளிம்பில் மெல்ல ஊற்றினாள். நாலு பேரும் குனிந்து பார்த்தார்கள். தண்ணீர் இவர்கள் பக்கம் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. பாறையின் மேலேயே உள்ளே ஓடி, மலையோடு ஒட்டும் இடுக்கில் போய்த் தேங்கி நின்றது. டீச்சர் இன்னொரு சொம்பு கேட்டாள். அதுவும் உள்ளேதான் போனது. மூன்றாவது சொம்பை அக்காவே ஊற்றினாள், கொஞ்சம் சந்தேகத்தோடு.

"வராதா? ஒருநாளும் வராதா?"

"இது வழுக்கி வராது அண்ணி. மலை உங்க வீட்டுக்கு முதுகைக் காட்டிட்டுத் தூங்குது."

டீச்சர் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வாரமாகத் தோளில் இருந்த ஏதோ ஒன்று இறங்கியது. வாய்விட்டு அழுதாள். அழுகிறோம் என்ற வெட்கம்கூட வரவில்லை. தையல்காரர் இஞ்ச் டேப்பைக் கழுத்திலிருந்து எடுப்பதும் போடுவதுமாக நின்றார்.

"அப்ப சுவர் ஏன் வயிறு தள்ளுது?" என்றான் இன்ஜினியர். அவனுக்கு அது இன்னும் தீரவில்லை. ஷெட்டுக்கு அடுத்தாற்போல் சுவர் தொடங்கும் இடத்தில் குனிந்து தடவிக்கொண்டே போனான். "தண்ணி வடியறதுக்குக் குழாய் வச்சிருப்பாங்களே. கீழ வரிசையில இருக்கணும்."

அக்கா திடீரென்று வானத்தைப் பார்த்தாள்.

அவன் ஒரு குழாயைக் கண்டுபிடித்தான். அதன் வாயில் என்னவோ அடைத்திருந்தது. இழுத்தான். கோடு போட்ட துணி வந்தது. அதன் பின்னால் பூப்போட்ட துணி, அதன் பின்னால் வெள்ளைத் துணி. தையல்காரர் வாங்கிப் பார்த்தார்.

"இது என் கடை வெட்டுத்துணி. கோடு போட்டது நாலு வருஷத்துக்கு முன்னாடி ஸ்கூல் யூனிபார்ம். தலையணைக்கு அடைக்கணும்னு மூட்டையா வாங்கிட்டுப் போனியே அக்கா."

"தலையணைக்கும்தான்," என்றாள் அக்கா. "மழை வந்தா அந்தக் குழாய்லேருந்து சேத்துத் தண்ணியா கொட்டும். துவைச்சுப் போட்ட துணியெல்லாம் பாழாப் போகும். ஒரு நாள் பொறுக்க முடியாம அடைச்சேன். நல்லா நின்னுது."

"இந்த வீட்டுல மட்டுமா?"

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"மத்தவங்க கேட்டாங்க. நான் சொல்லிக் குடுத்தேன். ஆளுக்குக் கொஞ்சம் துணியும் குடுத்தேன்."

இன்ஜினியர் கடைசித் துண்டைப் பிடுங்கினான். குழாய் ஒரு தடவை செருமியது. பிறகு பழுப்புத் தண்ணீர் கையளவு கனத்துக்குப் பீய்ச்சிக்கொண்டு வந்து அவன் கால்சட்டையை முழங்கால்வரை நனைத்தது. நாலு வருஷத் தண்ணீர். நின்றபாடில்லை.

"மலை தள்ளல டீச்சர். தண்ணி தள்ளியிருக்கு. இன்னும் ஒரு மழை பெஞ்சிருந்தா சுவர் உண்மையிலயே படுத்திருக்கும்." அவன் காலை உதறினான். "நீங்க தப்பா எழுதினதும் நல்லதுதான். இல்லன்னா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன்."

"அதுக்காகத் தப்பு சரியாயிடாது," என்றாள் டீச்சர், மூக்கைச் சிந்திக்கொண்டே. ஆனால் அவள் முகம் தெளிந்திருந்தது.

"பாத்தியா," என்றாள் அக்கா அவளிடம். "நீ ஒரு தப்பு பண்ணின, நான் ஒரு தப்பு பண்ணினேன். என் தப்பைப் பத்தி யாருக்கும் கடுதாசி எழுதிடாதே."

அன்று பொழுது சாய்வதற்குள் தெருவில் ஒன்பது வீட்டுப் பின்கட்டிலும் ஆட்கள் குனிந்து துணி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒவ்வொரு வீடாகப் போய் மேற்பார்வை பார்த்தாள். பதினோரு நாள் பாக்கியை ஒரே மாலையில் பேசித் தீர்த்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை டீச்சர் இரண்டாவது கடிதம் எழுதினாள். எழுதியதைத் தையல்காரருக்கும் அக்காவுக்கும் வாசித்துக் காட்டினாள். தேநீர் டம்ளரிலேயே இருந்தது. எந்தப் பெட்டியில் டம்ளர் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்திருந்தார் தையல்காரர்.

"'எனது தவறு'ன்னு மூணு இடத்துல வருது," என்றாள் அக்கா. "ஒரு தடவை சொன்னா அவங்களுக்குப் புரியாதா?"

"இருக்கட்டும் அண்ணி."

"போன்ல நாங்க ஒரு தடவைதான் சொல்லுவோம். மன்னிக்கவும், ராங் நம்பர். வச்சிடுவோம்."

டீச்சர் ஒன்றை அடித்தாள். இரண்டை விட்டு வைத்தாள்.

பத்து மணிக்கு நகராட்சியில் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். உத்தரவில் கையெழுத்து விழவில்லை. மழை விட்டதும் பெரிய ஆபீசிலிருந்து ஆள் வந்து பாறையை இன்னொரு தடவை அளப்பார்கள், சுவரின் வயிறு தள்ளிய பாகத்தை மட்டும் பிரித்துக் கட்டுவார்கள், அதுவரைக்கும் யாரும் குழாயில் கையை வைக்கக்கூடாது என்று இன்ஜினியர் சொல்லி அனுப்பினான். கடைசி வாசகத்தை அவன் இரண்டு தடவை சொன்னதாகத் தையல்காரர் வந்து சொன்னார்.

மத்தியானம் வகுப்பு இருந்தது. புதுத் திரையை இழுத்துவிட்டு டீச்சர் அந்தப் படத்தைத் தப்பான பக்கமாகவே போர்டில் போட்டாள். பாறை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பிள்ளைகளைக் கேட்டாள். எல்லோரும் ஒரே குரலில் வலது பக்கம் என்றார்கள். "நானும் அப்படித்தான் எழுதினேன்," என்று தொடங்கி, நடந்தது அத்தனையும் சொன்னாள். பிள்ளைகளுக்குப் பாறையைவிட அக்கா அடைத்த குழாய்தான் பிடித்திருந்தது. மணி அடித்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. மழை நின்று, மேற்கே ஒரு கீற்று வெயில் முன்னறை மேஜையில் விழுந்தது. தையல்காரர் மெஷினைத் துடைத்துப் பழைய இடத்திலேயே போட்டிருந்தார். டீச்சர் நகப்பூச்சுப் புட்டியை எடுத்துவந்தாள். கெட்டியாகிப் போயிருந்தது, திறக்க முடியவில்லை. அவர் வாங்கிப் பல்லால் திறந்து கொடுத்தார்.

அவள் ஸ்லைடை வெளிச்சத்தில் பிடித்தாள். பளபளக்கும் பக்கம் தன்னைப் பார்க்க, பாக்கெட் அவருடைய இடது பக்கம் இருக்க, மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். அவர் குனிந்து ஊதினார்.

"அறுநூத்தி ஒண்ணா?" என்று கேட்டார். "பெட்டியை எடுக்கட்டுமா?"

"வேண்டாம். இது அந்தக் கணக்குல வராது."

புள்ளி காயும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். காய்ந்ததும் டீச்சர் கைப்பையின் ஜிப்பைத் திறந்து, அதைப் பழைய இடத்திலேயே வைத்து மூடினாள்.